மாமனாரின் படைவிடுப்புத் தாளைத் தேடிய பத்து வாரங்கள்

என் மாமனார் 2023 பிப்ரவரி 9 அன்று அதிகாலையில், தம் 91வது வயதில் காலமானார். 14 வயதில் மாட்டுப்பண்ணை வேலைக்குப் போனவர். இடையில் இரண்டு ஆண்டுகள் கொரியப் போரில் காலாட்படைச் சிப்பாயாக இருந்துவிட்டு, மறுபடியும் அதே பண்ணைக்குத் திரும்பி 78 வயதுவரை உழைத்தார். அப்படிப்பட்ட மனிதரை ஒரு படைவீரருக்கு உரிய முறையில் வழியனுப்ப நினைத்தபோதுதான், அவர் படையில் இருந்தார் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை என்பது தெரிந்தது. அந்தத் தாளுக்காக நான் பத்து வாரங்கள் தன்னந்தனியாக அலைந்தேன். அதற்கு முன்பும் பின்பும் நான் செய்த தவறுகளால் பணமும் போனது, தூக்கமும் போனது. இவற்றில் பாதியையாவது யாரேனும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஒருவரின் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தமிழர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்றும், அவரைப் பற்றி என் மொழியில் ஒருமுறையேனும் எழுதிவிட வேண்டும் என்றும் இதை எழுதுகிறேன்.

நான் காங்கேயத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. மருத்துவமனை ஆய்வக வேலைக்காக நெப்ராஸ்கா மாநிலத்துக்கு வந்து, அங்கேயே பிறந்து வளர்ந்தவரை மணந்துகொண்டேன். அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. மாமியாரை நான் பார்த்ததில்லை. 2018 இல் என் கணவரும் புற்றுநோயில் போய்விட்டார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே மாமனாருக்கு நானும் எனக்கு அவரும்தான் மிஞ்சினோம். அவரைத் தமிழிலேயே மாமா என்று கூப்பிட்டேன். அந்தச் சொல்லின் பொருளை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டவர், அதன்பின் தொலைபேசியில் 'மாமா பேசுகிறேன்' என்றுதான் எப்போதும் தொடங்குவார். எங்கள் ஊர் மாடுகளின் படத்தை ஒருமுறை காட்டியபோது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கொம்பையும் திமிலையும் விட்டுவிட்டுக் குளம்பைத்தான் வெகுநேரம் பார்த்தார். கல்லாங்காட்டில் நடக்கிற மாடு என்று அவராகவே சொன்னார்.

அவர் வேலை பார்த்த இடம் சாண்ட்ஹில்ஸ் என்கிற மணற்குன்று நாடு. ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டருக்கு அலை அலையாக மணற்குன்றுகள், அவற்றின்மேல் புல். அடியில் ஓகல்லாலா எனப்படும் மிகப்பெரிய நிலத்தடி நீர்ப்பரப்பு. உழுதால் மேல்மண் காற்றோடு போய்விடும் என்பதால் அங்கே பயிர்த்தொழிலைவிட மாடுதான் பிழைப்பு. காற்றாடி வைத்துத் தண்ணீர் இறைத்துத் தொட்டியில் விடுவார்கள். அந்தக் காற்றாடியின் உச்சிக்கு ஏறி எண்ணெய் விடுவதும், கிணற்றுக் குழாயை மேலே இழுத்துத் தேய்ந்துபோன தோல் வாஷரை மாற்றுவதும், தேவதாரு வகைக் கம்பங்களை நட்டு முள்கம்பி இழுப்பதும், கோடையில் புல்லறுத்துப் போர் போடுவதும், பனிக்காலத்தில் அந்தப் போரிலிருந்து தினமும் தீனி கொண்டுபோய்ப் போடுவதும், மார்ச் மாதத்தில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து தலைச்சூல் கிடாரிகளைப் பார்த்துவருவதும்தான் அவருடைய 62 ஆண்டுகள். பனியில் ஈன்ற கன்று விறைத்துப்போனால் தூக்கிவந்து அடுப்பங்கரையில் போட்டுச் சாக்குத் துணியால் தேய்ப்பார்கள். நான் கல்யாணமாகிப் போன முதல் மார்ச்சில் அப்படி ஒரு கன்று அடுப்போரம் கிடந்தது. மாமா மண்டியிட்டு அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்து, நாக்கு இன்னும் சில்லென்றிருக்கிறது என்றார். விடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய வலது கட்டைவிரலில் மேற்கணு இல்லை. மாட்டைக் கயிறு வீசிப் பிடித்து, கயிற்றைச் சேணத்தின் கொம்பில் சுற்றும்போது விரல் இடையில் மாட்டிக்கொண்டதாம். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நேர்கிற விபத்துதான் அது.

1949 ஜனவரி 2 அன்று தொடங்கிய பெரும் பனிப்புயலைப் பற்றி மட்டும் அவர் விரும்பிப் பேசுவார். அப்போது அவருக்கு 17 வயது. மூச்சுவிடும் ஆவியே மாடுகளின் மூக்கில் பனிக்கட்டியாக உறைந்து மூச்சுமுட்டிச் செத்ததாகவும், கையால் அந்தக் கட்டியை உடைத்து உடைத்து விரல்களில் உணர்வே போய்விட்டதாகவும் சொல்வார். புயல் நின்ற பிறகும் வாரக்கணக்கில் பாதைகள் மூடிக்கிடந்தன. விமானப்படையின் விமானங்களிலிருந்து வைக்கோல் கட்டுகளைக் கீழே போட்டு மாடுகளைக் காப்பாற்றிய ஆண்டு அது. அந்தக் கட்டுகள் விழுந்து சிதறியதை அவர் கையால் காட்டும்போது, எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி என்றே தோன்றாது. போரைப் பற்றி அப்படிப் பேசியதில்லை. என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தேகு நகரத்தில் இந்திய மருத்துவப் படையினர் கொரிய ஏழை மக்களுக்கு வைத்தியம் பார்த்ததைக் கண்டதாகவும், நீ அவர்கள் நாட்டுப் பெண்ணா என்றும் நான் போன முதல் வாரம் கேட்டார். நான் பிறகு தேடிப் படித்து, அந்த 60வது பாராசூட் மருத்துவப் பிரிவை நடத்தியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் என்றும், 1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கும்போது மருத்துவக் கருவிகளை விட்டுவர மனமில்லாமல் ஒரு பழைய ரயில் எஞ்சினைத் தேடிப்பிடித்துத் தாங்களே ஓட்டிவந்தார்கள் என்றும் சொன்னேன். மாமா தலையை மட்டும் ஆட்டினார். நான் அப்போது அந்தப் பேச்சைத் தொடர்ந்திருக்க வேண்டும். நீங்கள் எந்தப் படைப்பிரிவில் இருந்தீர்கள், உங்கள் படை எண் என்ன, விடுப்புத் தாள் எங்கே இருக்கிறது என்று மூன்றே கேள்விகள் போதும். நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் புண்படுமோ என்று ஒதுங்கினேன். சண்டையைப் பற்றிக் கேட்கத் தயக்கமாக இருந்தால் அதைக் கேட்க வேண்டாம். தாளைப் பற்றிக் கேளுங்கள். அந்தத் தலைமுறை மனிதர்கள் தாளைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வார்கள்.

2021 இல் அவர் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஆனால் எனக்கு இரவுப் பணி. ஒரு கட்டத்தில் முடியாமல் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். மாதம் 7,200 டாலர். பண்ணை வேலையாளுக்குச் சொந்த வீடு என்று ஒன்று இருந்ததில்லை. பண்ணை கொடுத்த வீடுதான். கூலியோடு ஆண்டுக்கொரு மாட்டிறைச்சியில் பாதியும், முதலாளியின் மந்தையோடு தம் மாடுகள் இருபதை மேயவிட்டுக்கொள்ளும் உரிமையும் கொடுத்திருந்தார்கள். ஓய்வுபெற்றபோது அந்த மாடுகளை விற்று வைத்திருந்த பணமும் சேமிப்பும் எட்டு மாதத்தில் தீர்ந்துபோயின. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவித் திட்டமான மெடிகெய்டுக்குப் போட்ட விண்ணப்பம் முடிவாகும் முன்பே அவர் காலமாகிவிட்டதால், கடைசி மூன்று மாதத்துக்கான 21,600 டாலரை நான் கட்டினேன். அதற்காக எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தச் செலவில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்று பின்னால் தெரிந்தபோது அழுதுவிட்டேன். போர்க்காலத்தின் ஒருநாளாவது உட்படப் போதிய காலம் படையில் இருந்தவர், முதுமையில் பிறர் துணையின்றிக் குளிக்கவோ உடுக்கவோ முடியாத நிலைக்கு வந்து, வருமானமும் சொத்தும் குறைவாக இருந்தால், முன்னாள் படைவீரர் நலத் துறை பராமரிப்புக்கென்று கூடுதல் உதவித்தொகை தருகிறது. கொரியப் போர்க்காலம் என்பது 1950 ஜூன் 27 முதல் 1955 ஜனவரி 31 வரை என்று சட்டத்திலேயே வரையறுத்திருக்கிறார்கள். நெப்ராஸ்கா அரசே படைவீரர்களுக்காக நான்கு இல்லங்களை நடத்துகிறது. இவை எல்லாவற்றுக்கும் உயிரோடிருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். இறந்த பிறகு புதிதாக விண்ணப்பிக்க வழியில்லை. என்னைவிடத் தேவைப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி மாமா ஒருமுறைகூட விண்ணப்பிக்கவில்லை. நானும் அதைப் பெருந்தன்மை என்று எண்ணி விட்டுவிட்டேன். அது பிறர் பங்கை எடுத்துக்கொள்வதாகாது, தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உரியது என்று எடுத்துச் சொல்லியிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். காதுகூட அவருக்குச் சரியாகக் கேட்காது. பீரங்கிச் சத்தத்தால் வந்ததா, டிராக்டரால் வந்ததா என்று யாரும் சோதித்ததே இல்லை.

அவர் காலமான அன்று காலையிலேயே அடுத்த இடி விழுந்தது. சிகிச்சை முடிவுகளுக்கான அதிகாரப் பத்திரம் என் பெயரில் இருந்தது. அதை நீட்டினேன். உயிர் பிரிந்த நொடியோடு அந்தப் பத்திரமும் செல்லாததாகிவிடும் என்று ஈமச்சடங்கு நிலையத்தார் சொன்னார்கள். உடலை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று ஒரு வரிசைப்படிதான் போகுமாம். மருமகள் அந்த வரிசையிலேயே இல்லை. அவரோடு பதினாறு ஆண்டுகள் பழகியவள், கடைசி இரவு கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள், ஆனாலும் சட்டப்படி நான் அவருக்கு யாருமில்லை. உரிமை உள்ளவர் மாமாவின் தங்கை மகன். ஆரிகன் மாநிலத்தில் இருக்கிறார். இருபது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் எண்ணைக் கண்டுபிடித்துப் பேசி, அவர் கையெழுத்திட்டு அனுப்ப ஐந்து நாட்கள் ஆயின. நல்ல மனிதர். மாமாவின் பொருட்கள் எதுவும் தனக்கு வேண்டாம், எல்லாம் உங்களிடமே இருக்கட்டும் என்று அவராகவே எழுதிக்கொடுத்தார். ஆனாலும் அந்த ஐந்து நாட்களுக்கு உடலைக் குளிர்பெட்டியில் வைத்ததற்குத் தினம் 75 டாலர் என்று 375 டாலர் ஆனது. இறுதிச் சடங்கை இன்னார் முடிவு செய்யலாம் என்று உயிரோடிருப்பவர் ஒரு தாளில் எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்டிருந்தால் இந்த அவதியே இல்லை. மருமகள், மருமகன், கூடவே வாழும் நண்பர் என்று இரத்த உறவில்லாத எவராக இருந்தாலும் இதை முதலில் எழுதி வாங்குங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. இறப்புச் சான்றிதழிலும் நான் மூன்று பிரதிதான் வாங்கினேன். பத்து தேவைப்பட்டது.

ஈமச்சடங்கு நிலையத்தில் முதலில் எனக்கு ஒரு மொத்தத் தொகை சொன்னார்கள்: 9,800 டாலர். துக்கத்தில் இருந்த நான் சரி என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் செவிலி ஒருவர்தான், தனித்தனி விலைப்பட்டியல் கேள் என்று காதில் சொன்னார். 1984 முதல் நடைமுறையில் இருக்கும் கூட்டாட்சி விதிப்படி, நேரில் சென்று கேட்கும் எவருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சேவைக்குமான விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தாக வேண்டும். தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். பெட்டியை வெளியில் வாங்கிவந்தால் மறுக்கவும் கூடாது, அதற்குக் கூடுதல் கட்டணம் போடவும் கூடாது. பட்டியல் வந்ததும் உடலைப் பதப்படுத்துவதை நீக்கினேன். மாமாவுக்குக் குளிர்காலச் சட்டையும் அவருடைய பழைய தொப்பியும் போதும் என்று தெரிந்ததால் அலங்காரச் செலவுகளை நீக்கினேன். எளிய மரப்பெட்டி ஒன்றை வெளியில் வாங்கினேன். 6,300 டாலரில் முடிந்தது.

படைவீரர் என்ற முறையில் செய்ய வேண்டியவற்றுக்கு வந்தபோதுதான் அந்தத் தாள் வேண்டும் என்றார்கள். டிடி 214 என்று அதற்குப் பெயர். படையில் சேர்ந்த நாள், விடுபட்ட நாள், பிரிவு, பதக்கங்கள், எந்த வகையில் விடுவிக்கப்பட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெட்டியின்மேல் போர்த்தும் தேசியக் கொடி, சீருடை அணிந்த படையினர் குறைந்தது இருவர் வந்து கொடியை மடித்துக் கொடுப்பது, டாப்ஸ் என்னும் ஊதுகுழல் இசை, அரசு செலவில் கல்லறைக் கல் ஆகிய எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். விரும்பினால் மாக்ஸ்வெல் என்ற ஊருக்கு அருகில் உள்ள ஃபோர்ட் மக்ஃபர்சன் தேசியக் கல்லறையில் இடமும் குழியும் கல்லும் இலவசமாகவே கிடைத்திருக்கும். மாமியார் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்ததால் அதை நான் கேட்கவில்லை. வீட்டில் இழுப்பறை, பெட்டி, பழைய சேணப்பை, பைபிளின் பக்கங்கள் என்று எல்லாவற்றையும் தேடினேன். தாள் இல்லை. அந்தப் பதற்றத்தில், 48 மணி நேரத்தில் படை ஆவணம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்த ஒரு தனியார் நிறுவனத்துக்கு 180 டாலர் கட்டினேன். அவர்கள் செய்ததெல்லாம், நானே அனுப்பியிருக்கக்கூடிய அரசு விண்ணப்பத்தை என் பெயரில் அனுப்பியதுதான். தாளும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. தயவுசெய்து யாருக்கும் இதற்காகப் பணம் கட்டாதீர்கள். அடக்கம் காத்திருக்கிறது என்றால் ஆவணக் காப்பகமே அதை அவசர விண்ணப்பமாக எடுத்துக்கொள்கிறது. ஈமச்சடங்கு நிலையமே அதை அனுப்பவும் முடியும்.

ஆனால் அவசரம் என்று கேட்டும் பயனில்லாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. படையினரின் பணிக் கோப்புகளைச் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசிய பணியாளர் ஆவண மையம் வைத்திருக்கிறது. 1973 ஜூலை 12 அன்று நள்ளிரவு தாண்டியதும், அப்போது அந்த மையம் இருந்த கட்டடத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்கள் அங்கே இல்லை. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் 80 விழுக்காடு போய்விட்டன. நகல் கிடையாது, நுண்படமும் எடுத்து வைக்கவில்லை. மாமாவின் கோப்பும் அந்த வரம்புக்குள்தான் வருகிறது என்று மார்ச் கடைசியில் கடிதம் வந்தது. மாற்றுச் சான்றிதழ் தயாரிக்கப் படை எண், பிரிவு, சேர்ந்த ஊர், விடுபட்ட இடம் ஆகியவற்றை எழுதி அனுப்பும்படி ஒரு படிவமும் கூடவே வந்தது. சம்பளப் பட்டியல் போன்ற வேறு ஆவணங்களிலிருந்து அவர்கள் தேடிச் சேர்த்துத் தருவார்கள். ஆனால் அதற்கு நாம் ஏதாவது ஒரு நுனியைக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டங்களில் ஒன்றைக்கூட என்னால் நிரப்ப முடியவில்லை. அவர் காலையில் எத்தனை கரண்டிச் சர்க்கரை போடுவார் என்பது எனக்குத் தெரியும். எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பது தெரியாது.

தெரியாததைத் தெரிந்ததாக எழுதிய தவறையும் சொல்லிவிடுகிறேன். இரங்கல் குறிப்பு எழுதும்போது, மாமா சோசின் நீர்த்தேக்கச் சண்டையில் இருந்தவர் என்று எழுதினேன். என் கணவர் ஒருமுறை அப்படிச் சொல்லியிருந்தார். நகரத்து நாளிதழ் வரிக்கணக்கில் கட்டணம் வாங்கும். 640 டாலர் ஆனது. அச்சான இரண்டாம் நாள் வயதான படைவீரர் ஒருவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். சோசின் சண்டை 1950 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் நடந்தது, உங்கள் மாமனார் அந்த நவம்பரில்தான் படைக்கு எடுக்கப்பட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே அம்மா என்று மிகப் பணிவாகக் கேட்டார். அங்கே உண்மையிலேயே நின்றவர்களின் பெயரில் நான் என் மாமனாரைச் சேர்த்துவிட்டேன் என்று உறைத்தபோது உடம்பு கூசியது. வாழ்நாளில் தம்மைப் பற்றி ஒரு சொல் கூட்டிச் சொல்லாதவரைப் பற்றி, அவர் இறந்த மூன்றாம் நாள் தவறான பெருமையை அச்சில் ஏற்றியிருந்தேன். தாளில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். தாள் இல்லையென்றால் 'கொரியப் போரில் பணியாற்றினார்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 18 அன்று அடக்கம் செய்தோம். பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பாகை குளிர். அரசிடமிருந்து கொடி வரவில்லை, படையினரும் வரவில்லை. விஷயம் கேள்விப்பட்ட அமெரிக்கன் லீஜியன் என்னும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஊர்க் கிளை முதியவர்கள் ஏழு பேர், எந்தத் தாளும் கேட்காமல் தங்கள் துப்பாக்கிகளோடு வந்து மூன்று முறை சுட்டு மரியாதை செய்தார்கள். பெட்டியின்மேல் போர்த்தத் தங்கள் கிளையின் கொடியையே கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் பிராணவாயு உருளையை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அவர்களை ஒருவரையும் தெரியாது.

ஏப்ரலில்தான் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், படைவீரர் சேவை அலுவலரைப் போய்ப் பார்த்தேன். நெப்ராஸ்காவில் கவுண்டிதோறும் அப்படி ஒருவர் உண்டு, கட்டணம் எதுவும் இல்லை. அவரிடம் நான் பிப்ரவரி 9 அன்றே போயிருக்க வேண்டும். சொல்லப்போனால் அதற்கும் பத்து ஆண்டுகளுக்கு முன்பே மாமாவோடு போயிருக்க வேண்டும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஊர் திரும்பியதும் தாளைக் கவுண்டி அலுவலகத்தில் பதிவு செய்தாரா? இரண்டாம் உலகப் போரிலிருந்தும் கொரியாவிலிருந்தும் திரும்பியவர்களிடம், தாள் தொலையாதிருக்க உங்கள் கவுண்டியில் பதிந்து வையுங்கள் என்று சொல்லி அனுப்புவார்களாம். நிலப்பத்திரங்களைப் பதியும் அதே இடம். என் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில், மாமா பிறந்த கவுண்டியின் நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. அங்கிருந்த அம்மாள் இறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, உள்ளே போய், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு பெரிய கட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெயர் அகரவரிசையில் விரலை ஓட்டி, பக்கத்தைத் திறந்தார். பழங்கால ஒளிப்படப் பிரதி. கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து. கீழே மாமாவின் கையெழுத்து, இளம் வயதின் நிமிர்ந்த கையெழுத்து. பதிந்த நாள் 1952 நவம்பர் 20.

இரண்டாம் காலாட்படை டிவிஷன், 23வது ரெஜிமென்ட் என்று இருந்தது. கொரியப் பணிப் பதக்கம், காலாட்படைப் போர் முத்திரை என்று வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே, எதிரியின் தாக்குதலால் அடைந்த காயங்கள் என்ற கட்டத்தில் கொரியா, 1951 செப்டம்பர் என்று தட்டச்சு செய்திருந்தது. பக்கத்தில் பர்ப்பிள் ஹார்ட், எதிரியால் காயம்பட்டவர்களுக்குத் தரும் பதக்கம். அந்தச் செப்டம்பர் 13 முதல் அக்டோபர் 15 வரை அதே 23வது ரெஜிமென்ட், பிரெஞ்சுப் படையணி ஒன்றோடு சேர்ந்து ஹார்ட்பிரேக் ரிட்ஜ் என்று பெயர்பெற்ற மலைமுகட்டுக்காகப் போரிட்டது. இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் விழுந்த இடம் அது. மாமாவின் இடது தோளில் ஒரு சாண் நீளத்துக்கு வரி வரியாகத் தழும்பு உண்டு. குளிப்பாட்டும்போதெல்லாம் என் கை அதன்மேல் படும். முள்கம்பி கிழித்தது என்பார். என் கணவருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார். மாமியாருக்கு என்ன சொன்னாரோ. அந்த அலுவலகத்தின் மர நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுததைப் பார்த்து, அந்த அம்மாள் சான்றொப்பமிட்ட நகல்கள் நான்கு எடுத்துத் தந்து, காசு வேண்டாம் என்றார். பர்ப்பிள் ஹார்ட் பெற்றவர்களுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் முன்னுரிமை உண்டு, சிகிச்சையில் பங்குக் கட்டணமும் கிடையாது என்று சேவை அலுவலர் பின்னர் சொன்னார். அந்த உரிமைக்கான ஆதாரம் எழுபது ஆண்டுகள் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அவருடைய குறிப்பேடுகளை எடுத்தேன். சட்டைப்பையில் அடங்கும் சிறு புத்தகங்கள், ஆண்டுக்கொன்று, காப்பித் தகரங்களில் போட்டு வைத்திருந்தார். கன்று ஈன்ற நாள், மழை அளவு, காற்றுத் திசை தவிர வேறு எதுவும் அவற்றில் இருக்காது என்று நினைத்து அதுவரை நான் பிரித்ததில்லை. பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. மகன் இறந்த நாளில் 'மகன் போனான். காற்று வடமேற்கு' என்று இருந்தது. மிகப் பழைய புத்தகத்தில் முதல் வரி 1952 நவம்பர் 18: 'வீடு வந்தேன்.' அடுத்த நாள்: 'கம்பம் 22.' அந்தத் தோளை வைத்துக்கொண்டு ஒரே நாளில் 22 கம்பக் குழிகள் தோண்டியிருக்கிறார். அதற்கு அடுத்த நாள்தான் தாளைப் பதியப் போயிருக்கிறார். இந்தக் குறிப்பேடுகளை நான் முன்பே படித்திருந்தால் எங்கே போய்த் தேட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். 20ஆம் தேதிக்கு 'கோர்ட்டுக்குப் போனேன்' என்று எழுதி வைத்திருந்தார்.

தாள் கிடைத்த பிறகு எல்லாம் எளிதாக நடந்தன. அடக்கத்தின்போது செய்யாத படை மரியாதையைப் பின்னாலும் கேட்டுப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. கொடிக்கான படிவத்தைத் தபால் நிலையத்தில் கொடுத்தேன். ஒரு படைவீரருக்கு ஒரு கொடிதான், தொலைந்தால் வேறு தரமாட்டார்கள். மே மாத இறுதியில், போரில் இறந்த படையினருக்கான தேசிய நினைவு நாளை ஒட்டி, மாநிலத் தேசியக் காவல் படையிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து, கல்லறைக்கு முன் கொடியை விரித்துப் பிடித்து, முக்கோணமாக மடித்து என் கையில் கொடுத்தார்கள். அதற்கு முன் லீஜியன் முதியவர்களிடம் அவர்கள் கொடியைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். கல்லறைக் கல்லும் அரசு இலவசமாகத் தந்தது. ஆனால் தனியார் அல்லது ஊர்க் கல்லறை என்றால் அதை நடுகிற கூலி குடும்பத்தின் பொறுப்பு. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், பதவி, போர், தேதிகள், பர்ப்பிள் ஹார்ட் ஆகியவற்றைக் கல்லில் பொறித்துத் தந்தார்கள்.

செப்டம்பரில், புல்லறுப்பு முடிந்தபின், கல்லை நடப் பண்ணையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். கூலி வாங்க மறுத்துவிட்டார்கள். மாமாவின் மாடுகளுக்கென்று பதிவு செய்த சூட்டுக்குறி ஒன்று உண்டு. அங்கே சூட்டுக்குறி என்பது நிலத்தைப்போல ஒரு சொத்து. காலத்தில் புதுப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும். மாடுகளை விற்ற பிறகும் அவர் அதற்கு மட்டும் தவறாமல் பணம் கட்டி வந்திருக்கிறார். தங்கை மகன் எழுதிக்கொடுத்ததைக் காட்டி அதை என் பெயருக்கு மாற்றியிருந்தேன். வந்தவர்களில் மூத்தவர் தேவதாருக் கம்பம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வண்டியின் பின்புறம் சிறு எரிவாயு அடுப்பை மூட்டி, மாமாவின் சூட்டுக்கோலை அதில் சாம்பல் நிறம் வரும்வரை காய்ச்சி, கைப்பிடியில் ஈரச் சாக்கைச் சுற்றி என்னிடம் நீட்டினார். சிவக்கக் காய்ச்சக் கூடாதாம், மாமா அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாம். கம்பத்தின்மேல் வைத்து அழுத்தி, மூன்று எண்ணி எடுத்தேன். கல்லுக்குப் பக்கத்தில் மூன்றடி ஆழத்தில் அதை நட்டு, சுற்றிலும் மணலை மிதித்து இறுக்கினோம்.